கரு கலைந்தபின் ‘கிளீன்’ செய்வது: எந்த முறைக்குச் சரி சொல்லலாம், எதற்கு யோசிக்க வேண்டும்

டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரிதான் இருக்கும்: ‘டி அண்ட் சி செய்யப்பட்டது’. வீட்டில் அதையே ‘வயிறு கழுவியாச்சு’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘கிளீன் பண்ணிட்டாங்க’ என்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே நடப்பது ஒன்றல்ல. பிளாஸ்டிக் குழாயால் உறிஞ்சி எடுப்பதும் டி அண்ட் சிதான், இரும்புக் கரண்டியால் சுரண்டி எடுப்பதும் டி அண்ட் சிதான். சில இடங்களில் முதலில் உறிஞ்சிவிட்டு, ‘எதுக்கும் ஒரு தடவை பார்த்துடலாம்’ என்று கரண்டியையும் விடுகிறார்கள். பில்லில் இவற்றுக்குள் வித்தியாசம் தெரியாது. அடுத்த குழந்தைக்கு அது தெரியலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 12 வாரத்துக்குள் கலைந்த கருவுக்கு, அறுவை முறைதான் என்று முடிவானால், உறிஞ்சும் முறைக்குத் தயங்காமல் சரி சொல்லலாம். கூர்மையான கரண்டியால் சுரண்டுவதை மட்டும் செய்யும் இடம் என்றால் வேறு இடம் பாருங்கள். முதல் முறைக்குப் பிறகும் ‘உள்ளே மிச்சம் இருக்கு, இன்னொரு தடவை கிளீன் பண்ணணும்’ என்று சொன்னால் அங்கேதான் நிற்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். பின்னால் சிக்கல் வரும் வாய்ப்பு அந்த இரண்டாவது கிளீனில்தான் கூடுகிறது.

எதைக் காப்பாற்ற வேண்டும்

கர்ப்பப்பையின் உள் சவ்வில் இரண்டு அடுக்கு. மேலடுக்கு மாதாமாதம் உதிரப்போக்கோடு வந்துவிடுவது. அடியடுக்கு அப்படியே இருந்து, அடுத்த மாதத்துக்கான மேலடுக்கை வளர்த்துத் தருவது. புல்லை அரிவாளால் அறுத்தால் பத்து நாளில் துளிர்த்துவிடும், மண்வெட்டியால் வேரோடு செதுக்கினால் வெறுந்தரைதான் மிஞ்சும். அடியடுக்கு செதுக்கப்பட்ட இடத்தில் முன்சுவரும் பின்சுவரும் புண்ணோடு புண்ணாக ஒட்டிக்கொள்கின்றன. கர்ப்பப்பை உள்ளே காலியான பலூன் மாதிரி, இரண்டு சுவரும் எப்போதும் தொட்டுக்கொண்டே இருப்பவை, அதனால் ஒட்டுவதற்கு அதிக நேரம் தேவையில்லை. கர்ப்பம் தரித்த பை மிருதுவாக இருப்பதால், சாதாரண நாளில் மேலோட்டமாகப் போகும் கரண்டி அப்போது ஆழமாக இறங்கிவிடும். கரு கலைந்தபின் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும். சவ்வு வளர வேண்டிய நேரத்தில் அதற்கு உரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒட்டல்களுக்கு ஆஷர்மன் சிண்ட்ரோம் என்று பெயர். ஹைன்ரிக் ஃப்ரிட்ச் 1894-லேயே ஒரு நோயாளியிடம் இதைக் குறித்திருந்தாலும், பெயர் 1948-இல் விரிவாக எழுதிய ஜோசப் ஆஷர்மனுக்குப் போனது.

எவ்வளவு பேருக்கு வருகிறது? 2014-இல் நெதர்லாந்துக் குழு ஒன்று பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கருச்சிதைவுக்குப் பின் ஓராண்டுக்குள் ஹிஸ்டரோஸ்கோப்பி (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து பார்த்த 912 பெண்களில் சுமார் 19 சதவீதத்தினரிடம் ஏதாவது ஓர் ஒட்டல் இருந்தது. இந்த ‘ஐந்தில் ஒருவர்’ கணக்கை மட்டும் வெட்டி எடுத்து பயமுறுத்துகிறவர்கள் அதன் அடுத்த வரியைச் சொல்வதில்லை. அந்த ஒட்டல்களில் பாதிக்கும் மேல், அதாவது 58 சதவீதம், லேசானவை. கடுமையானவை 14 சதவீதம்தான். இரண்டு தடவையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களிடம் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது, அதற்கு முக்கியக் காரணம் கிளீன் செய்த எண்ணிக்கையாகத் தோன்றியது.

இன்னொரு பக்கக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் நடந்த மிஸ்ட் ஆய்வில் பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, தானாக வெளியேறக் காத்திருப்பது, மாத்திரை, அறுவை என்று சிகிச்சை தந்து, பின்னால் தொடர்ந்து பார்த்தார்கள். ஐந்து ஆண்டுக்குள் குழந்தை பெற்றவர்கள் முறையே 79, 79, 82 சதவீதம். ஒழுங்காகச் செய்த ஒரே ஒரு கிளீன், பெரும்பாலானவர்களின் தாய்மையைத் தொடுவதில்லை. ஏற்கெனவே ஒரு முறை முடிந்துபோனவர்கள் இந்த வரியை இரண்டு தடவை படிக்கலாம்.

குறைப்பிரசவம் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. 2016-இல் வெளியான தொகுப்பாய்வில், டி அண்ட் சி செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், முன்பு அதைச் செய்தவர்களுக்கு 37 வாரத்துக்கு முன் பிரசவமாகும் வாய்ப்பு விகிதம் 1.29, பல தடவை செய்தவர்களுக்கு 1.74. காரணம் சவ்வைவிடக் கர்ப்பப்பை வாயாக இருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வாயை இரும்புக் கம்பியால் பலவந்தமாக விரித்தால் அதன் நார்கள் கிழியும். அதனால்தான் முன்கூட்டியே மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைத்து வாயை இளக்குவது வெறும் சடங்கு இல்லை. 400 மைக்ரோகிராம், இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். வந்த உடனே தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில் இது விடுபடும்.

கிளீன் தேவைதானா என்பதை முதலில்

‘ஹார்ட் பீட் வரல’ என்ற ஒரு ஸ்கேனை வைத்து அன்றைக்கே தேதி குறிக்கிற இடங்கள் இன்றும் இருக்கின்றன. வஜைனல் ஸ்கேனில் கருவின் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை என்றாலோ, பையின் சராசரி அளவு 25 மி.மீ. தொட்டும் உள்ளே கரு இல்லை என்றாலோதான் கரு நின்றுவிட்டது என்று சொல்லலாம். அப்போதும் இன்னொருவர் பார்த்து உறுதி செய்வதோ, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பதோ நல்லது. கரு 5 மி.மீ.தான் என்றால் காத்திருந்து இன்னொரு ஸ்கேன் எடுப்பதே முறை. மாதவிலக்குத் தேதி தள்ளிப் போகிறவர்களுக்கு நாள் கணக்கு இரண்டு வாரம்கூடப் பிசகும். ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தாலோ, காய்ச்சலோடு கெட்ட வாடை வந்தாலோ இந்தப் பொறுமை கூடாது, அது வேறு கதை.

கையால் உறிஞ்சும் சிரிஞ்ச்

மருத்துவமனையில் எம்விஏ என்பார்கள். பார்ப்பதற்கு மாட்டுக்கு ஊசி போடும் சிரிஞ்ச் மாதிரி இருக்கும் 60 மி.லி. பிளாஸ்டிக் உருளை, முன்னால் அமுக்கிப் பூட்டும் வால்வு, அதில் மாட்டுகிற வளையும் குழாய். குழாய் 4 மி.மீ. முதல் 12 மி.மீ. வரை பல அளவில் வரும். கர்ப்ப வாரம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு மி.மீ. என்பது பழக்கக் கணக்கு: 8 வாரத்துக்கு 7 அல்லது 8. வாரம் எட்டு ஆனாலும் கரு ஆறு வாரத்திலேயே நின்றிருந்தால் பை சிறியதாகத்தான் இருக்கும், ஸ்கேன் அளவை வைத்துத்தான் குழாயை எடுக்க வேண்டும்.

வால்வைப் பூட்டி, பிஸ்டனை இழுத்து நிறுத்தினால் உள்ளே சுமார் 60 செ.மீ. பாதரச அளவு வெற்றிடம் உண்டாகும். கரண்ட்டில் ஓடும் பெரிய மெஷின் தருவதும் கிட்டத்தட்ட இதே அழுத்தம்தான், ஆகவே ‘எங்களிடம் மெஷின் இருக்கிறது’ என்பது தனிச் சிறப்பு அல்ல. குழாயை உள்ளே விட்டு வால்வைத் திறந்ததும் உள்ளிருப்பது கொப்பளித்துக்கொண்டு சிரிஞ்சுக்குள் வரும். குழாயை மெல்லச் சுழற்றியபடி முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். முடிந்ததற்கு அடையாளங்கள் உண்டு. திசு வருவது நின்று இளஞ்சிவப்பு நுரை வரும். சுவர் சொரசொரப்பாகக் கைக்குத் தட்டுப்படும். பை சுருங்கிக் குழாயைக் கவ்விப் பிடிக்கும். விழித்திருக்கும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் வயிற்றைப் பிசைவது அதிகமாகும். அங்கே நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு இழுப்பும் சவ்வின் கணக்கில்தான் போகும்.

கெடுகிற இடங்களும் தெரிந்தவைதான். சிரிஞ்ச் நிறைந்துவிட்டால் இழுவிசை குறையும், அதைக் கவனிக்காமல் தொடர்ந்தால் மிச்சம் நிற்கும். குழாயின் ஓட்டை கர்ப்பப்பை வாய்க்கு வெளியே வந்துவிட்டால் வெற்றிடம் போய்விடும். குழாயில் திசு அடைத்துக்கொண்டால் அதை வெளியே எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். உள்ளே இருக்கும்போதே பிஸ்டனை முன்னால் தள்ளினால் காற்றும் திசுவும் பைக்குள் போகும், அது செய்யவே கூடாத காரியம். சிரிஞ்சின் ரப்பர் வளையத்துக்குச் சிலிகான் தடவாமல் விட்டால் காற்று கசியும். பலமுறை பயன்படுத்திய குழாயில் வெடிப்பு விழும். எதுவுமே பெரிய விஷயம் இல்லை, ஆனால் எல்லாமே ‘மிச்சம் இருக்கு’ என்று இரண்டாவது தடவை படுக்க வைப்பவை.

எடுத்ததை மேஜையிலேயே பார்க்கிறார்களா என்பது இந்தச் சேவையின் தரத்துக்கு ஒரு நல்ல சோதனை. திசுவை வடிகட்டியில் அலசி, கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு, அடியில் வெளிச்சம் வைத்துப் பார்த்தால் நஞ்சுக்கொடியின் இழைகள் கடற்பாசி போல விரிந்து மிதக்கும். சாதாரணச் சவ்வு அப்படி விரியாது, துண்டாகக் கிடக்கும். வாரத்துக்கு ஏற்ற அளவு இழை வந்திருந்தால் வேலை முடிந்தது. இழையே இல்லை என்றால் கர்ப்பம் பைக்கு வெளியே கருக்குழாயில் இருக்கிறதா என்று அன்றைக்கே தேட வேண்டும். இரண்டு நிமிடம் பிடிக்கும் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு, அதன் இடத்தில் கரண்டியால் ‘செக்’ செய்வதைத்தான் நாங்கள் குறை சொல்கிறோம்.

எம்விஏவை கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போட்டே செய்யலாம். முழு மயக்கம் கட்டாயம் இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் மயக்கம் கொடுத்துத்தான் செய்கிறார்கள், பெண்களும் அதையே கேட்கிறார்கள். அதில் தவறு சொல்ல முடியாது. மயக்கத்தில் இருப்பவர் வலி என்று சொல்ல மாட்டார் என்பதால், வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்தால் நல்லது.

கரண்டி

நீண்ட இரும்புக் காம்பு, நுனியில் விளிம்பு கூரான வளையம். வேலை முடிந்தது என்று தெரிந்துகொள்ள பழைய பாடம் சொல்லும் அடையாளம் ஒரு சத்தம்: சுவரில் இழுக்கும்போது கரகரவென்று கேட்க வேண்டும், கையில் அந்த உரசல் தெரிய வேண்டும். கொஞ்சம் யோசித்தால் அதில் இருக்கிற சிக்கல் புரியும். கரகரப்பு கேட்கிறது என்றால் கரண்டி மிருதுவான அடுக்கைத் தாண்டித் தசையின் வாசலுக்கு வந்துவிட்டது. அதாவது வேலை முடிந்ததற்கான அடையாளமும் சேதம் தொடங்கியதற்கான அடையாளமும் ஒன்றே.

உலக சுகாதார நிறுவனம் இதைப் பழையதாகிப்போன முறை என்கிறது, உறிஞ்சும் முறைக்கு மாறச் சொல்கிறது. இந்திய அரசின் கருக்கலைப்புப் பராமரிப்பு வழிகாட்டியும் அதையே சொல்கிறது. இங்கே நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்தப் பரிந்துரைகளுக்கு அடிப்படையாக இருப்பவை பெரும்பாலும் ரத்த இழப்பு, வலி, ஆகும் நேரம் போன்றவை. ஒட்டல் குறையும் என்பது உடற்கூறு சொல்லும் நியாயம், அதை நேருக்கு நேர் நிறுத்தி அளந்த பெரிய ஆய்வுகள் குறைவு. இருந்தாலும், எல்லா வகையிலும் பின்தங்கிய கருவியை ஒரே ஒரு சந்தேகத்தின் பலனைத் தந்து வைத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. உறிஞ்சியபின் வழக்கமாகக் கரண்டி விடுவதற்கும் அவசியம் இல்லை.

மாத்திரை, காத்திருப்பு

கருவியே உள்ளே போகாததால் சவ்வுக்கு மாத்திரையே பாதுகாப்பு என்பது நியாயமான கணிப்பு. விலையும் குறைவு. ஆனால் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வெற்றி. துடிப்பு நின்றும் கர்ப்பப்பை வாய் மூடியே இருக்கும் கருவுக்கு மிசோப்ரோஸ்டால் மட்டும் தருவதைவிட, முதலில் மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. விழுங்க வைத்து, ஒன்றிரண்டு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம் வைப்பது மேல். 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வில் இப்படிச் சேர்த்துக் கொடுத்தவர்களில் 84 சதவீதத்தினருக்கு முதல் டோஸிலேயே முழுவதும் வெளியேறியது. மிசோப்ரோஸ்டால் மட்டும் எடுத்தவர்களில் அது 67 சதவீதம். பின்னால் கிளீன் செய்ய வேண்டி வந்தவர்கள் 9 சதவீதத்துக்கும் 24 சதவீதத்துக்கும் அருகில். ஒரு மாத்திரையைக் கூடுதலாகச் சேர்ப்பதால் கருவி தேவைப்படுகிறவர்கள் இவ்வளவு குறைகிறார்கள் என்றால் அதைக் கேட்டு வாங்குவதுதான் முறை. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது வேறு, அதைப் பரிந்துரைக்கவில்லை. கர்ப்பம் கருக்குழாயில் இல்லை என்று ஸ்கேனில் தெரிந்த பிறகுதான் இந்த மாத்திரை.

சில மணி நேரத்தில் ரத்தமும் வலியும் தொடங்கும், கட்டி கட்டியாக வரும். பிறகு இரண்டு வாரம் வரை கசியலாம். ஒரு மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தலைசுற்றல், காய்ச்சல் வந்தாலும் அப்படியே. வீட்டில் தனியாக இருந்துகொண்டு, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரப் பயணம் என்கிற நிலையில் இருப்பவருக்கு மாத்திரை சரிப்படாது.

இந்த முறையின் பெரிய குறை மருந்தில் இல்லை, அடுத்த வாரம் எடுக்கும் ஸ்கேனில் இருக்கிறது. மாத்திரை எடுத்து ஏழாம் நாள் பார்த்தால் உள்ளே ரத்தக்கட்டியும் சவ்வும் கலந்து 12, 15 மி.மீ. தடிப்பாகத் தெரியும். அது இயல்பு. ரிப்போர்ட்டில் ‘மிச்சம் இருக்கலாம்’ என்று ஒரு வரி வந்துவிடும், அதைப் பார்த்து கிளீன் செய்துவிடுவார்கள். ரத்தப்போக்கு குறைந்துகொண்டே வந்து, காய்ச்சலும் இல்லாதவருக்கு வெறும் தடிப்பை வைத்துக் கிளீன் செய்யக்கூடாது. இப்படி ‘மிச்சம்’ தெரிந்த பெண்களைக் கிளீன் செய்யாமல் ஆறு வாரம் விட்டுப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில் நான்கில் மூன்று பேருக்குக் குறையாமல் தானாகவே சரியானது. மூன்று வாரம் கழித்துச் சிறுநீரில் கர்ப்பச் சோதனை எடுத்து, அடுத்த மாதவிலக்கு வந்தபின் ஸ்கேன் எடுத்தாலே பலருடைய மிச்சம் காணாமல் போயிருக்கும்.

தானாக வெளியேறக் காத்திருப்பது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரத்தம் ஏற்கெனவே படத் தொடங்கியவருக்கு அது நன்றாகவே வேலை செய்யும், ஒன்றிரண்டு வாரம் தரலாம். ஒரு அறிகுறியும் இல்லாமல் நின்றுபோன கருவுக்கு அது இழுத்தடிக்கும்.

இரண்டாவது தடவை

முதல் வேலை எதுவாக இருந்தாலும், வாரங்கள் கழித்தும் விட்டுவிட்டு ரத்தம், ஸ்கேனில் ரத்த ஓட்டத்தோடு ஒரு முடிச்சு என்றால் அது உண்மையான மிச்சம். இதுதான் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம். நாள் ஆக ஆக அந்தத் துண்டு சுவரோடு இறுகியிருக்கும், சுற்றிலும் சவ்வு புண்ணாகவும் ஈஸ்ட்ரோஜன் இல்லாமலும் இருக்கும். கண் தெரியாமல் கரண்டி விட்டால் துண்டு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு நல்ல இடத்தைச் சுரண்டும். ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும் முடிச்சில் கரண்டி விட்டால் கட்டுக்கடங்காத ரத்தம் வரவும் கூடும்.

கேமரா வழியாகப் பார்த்து, அந்தத் துண்டை மட்டும் எடுப்பது ஹிஸ்டரோஸ்கோப்பி. இப்படித் தங்கிப்போன துண்டுகளுக்கான ஆய்வுகளைத் தொகுத்தபோது, கரண்டிக்குப் பின் சுமார் 30 சதவீதமும் ஹிஸ்டரோஸ்கோப்பிக்குப் பின் 13 சதவீதமும் ஒட்டல் கண்டார்கள். கூடுதல் செலவுதான், ஆனால் இந்த ஓர் இடத்தில் அந்தச் செலவு நியாயமானது. கருவி வைத்திருக்கும் மையம் அடுத்த ஊரில்தான் என்றால், அவசரம் இல்லாத பட்சத்தில் ஒரு வாரம் தள்ளிப்போடலாம்.

இதை வைத்து ‘அப்படியானால் முதல் தடவையே ஹிஸ்டரோஸ்கோப்பி’ என்று விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். அதற்குத் தலையாட்ட வேண்டாம். பிரான்ஸில் 574 பெண்களை வைத்து நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், அரைகுறையாகக் கலைந்த கருவுக்கு ஹிஸ்டரோஸ்கோப்பியையும் உறிஞ்சும் முறையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுக்குள் 22 வாரம் தாண்டிய கர்ப்பம் ஹிஸ்டரோஸ்கோப்பிக்குப் பின் 63 சதவீதம், உறிஞ்சியபின் 68 சதவீதம், உறிஞ்சும் முறை ஒரு படிகூடக் குறையவில்லை. நேரமும் ஹிஸ்டரோஸ்கோப்பிக்கே அதிகம் பிடித்தது.

பில்லில் சேரும் மற்றவை

ஹையலூரோனிக் அமில ஜெல்: வேலை முடிந்ததும் உள்ளே விட்டு இரண்டு சுவரையும் கொஞ்ச நாள் தள்ளி வைப்பது. முன்பே ஒரு தடவை கிளீன் செய்தவர்களிடம் நடந்த ஆய்வில் ஒட்டல் 31 சதவீதத்தில் இருந்து 13 ஆகக் குறைந்தது. ஆகவே இரண்டாம் தடவைக்காரர் கேட்கலாம், முதல் தடவைக்காரருக்குத் தேவை என்று சொல்ல ஆதாரம் போதாது.

ஆன்டிபயாட்டிக் ஒரு டோஸ் போதும். ஒரு வாரக் கோர்ஸ் தேவையில்லை. நெகட்டிவ் ரத்தப் பிரிவுக்காரருக்கு ஆன்டி-டி ஊசியை 72 மணி நேரத்துக்குள் போடுவது இந்திய வழக்கம். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் 12 வாரத்துக்குள் தேவையில்லை என்கிறது. போட்டால் கெடுதல் இல்லை, உங்கள் மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள்.

திசுச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளுங்கள், முத்துக்கர்ப்பத்தை (நஞ்சு திராட்சைக் குலை போல வளரும் கோளாறு) கண்டுபிடிக்க அதுதான் வழி. இரண்டு மூன்று தடவை கலைந்தவர் மரபணுச் சோதனையும் கேட்டிருந்தால் ஒரு நுணுக்கம் உண்டு: சாதாரணத் திசுச் சோதனைக்குப் ஃபார்மலினில் போடுவார்கள், குரோமோசோம் வளர்ப்புக்கு ஃபார்மலின் பட்டாலே செல் செத்துவிடும். அதற்குத் தனி பாட்டிலில் சலைன். தியேட்டருக்குப் போகும் முன்பே நர்ஸிடம் ‘ரெண்டு பாட்டில்’ என்று சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்லிப் பயனில்லை.

பிறகு கவனிக்க வேண்டியது

மாதவிலக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் வர வேண்டும். எட்டு வாரமாகியும் வரவில்லை, சிறுநீர்ச் சோதனையும் நெகட்டிவ் என்றால் காத்திருக்காதீர்கள். முன்பு நாலு நாள் போனது இப்போது அரை நாள் கசிவாக மாறி, இரண்டு மூன்று மாதம் அப்படியே தொடர்ந்தாலும் காட்ட வேண்டும். மாதாமாதம் வலி மட்டும் வருகிறது, ரத்தம் இல்லை என்றால் கர்ப்பப்பை வாய் மட்டும் ஒட்டி, ரத்தம் உள்ளே தேங்கியிருக்கலாம். இது இருப்பதிலேயே எளிதாகச் சரியாவது.

சாதாரண ஸ்கேனில் ஒட்டல் பெரும்பாலும் தெரியாது. சலைன் விட்டு எடுக்கும் ஸ்கேனிலோ, சாயம் விட்டு எக்ஸ்ரே எடுக்கும் டியூப் டெஸ்ட்டிலோ நிழலாகத் தெரியும், காற்றுக்குமிழியும் அதே நிழலைக் காட்டி ஏமாற்றும். முடிவான சோதனை ஹிஸ்டரோஸ்கோப்பி, பார்க்கும்போதே கத்தரியால் வெட்டியும் விடலாம். வெட்டியபின் மறுபடி ஒட்டாமலிருக்க பலூனை ஒரு வாரம் வைப்பார்கள், எஸ்ட்ராடியால் மாத்திரை ஒரு மாதம் தருவார்கள், ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பக் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது பார்வையைச் செலவு என்று தவிர்க்கிறவர்கள் அதிகம். லேசானவற்றிலேயே மூன்றில் ஒன்று திரும்ப ஒட்டுகிறது, கடுமையானவற்றில் மூன்றில் இரண்டு, அதனால் அதை விடாதீர்கள். பிஆர்பி (சொந்த ரத்தத்தின் தட்டணுக்களைச் செறிவாக்கிச் செலுத்துவது), ஸ்டெம் செல் என்று தனிக் கட்டணம் கேட்டால், ஆராய்ச்சியின் பகுதியாக இலவசமாகத் தராத வரை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஒரே ஒரு மென்மையான உறிஞ்சலுக்குப் பின் மாதவிலக்கே நின்றுபோனால், பழியைச் சிரிஞ்சின் மேல் போடுவதற்கு முன் சவ்வை டிபி சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவில் கர்ப்பப்பை டிபி இதே மாதிரி ஒட்டல்களைச் செய்யும், கரு கலைந்தபோதுதான் வெளிச்சத்துக்கு வரும். அதற்கு மாத்திரைக் கோர்ஸ் முடிக்காமல் கத்தரி எடுத்துப் பயனில்லை.

எப்போது மறுபடி முயற்சிக்கலாம்? ஆறு மாதம் இடைவெளி என்பது 2005-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது, இன்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. பின்னால் வந்த ஆய்வுகள் அதற்கு ஆதரவு தரவில்லை. மூன்று மாதத்துக்குள் முயன்றவர்களுக்குக் குழந்தை பிறந்த விகிதம் 53 சதவீதமாகவும், அதற்கு மேல் காத்திருந்தவர்களுக்கு 36 ஆகவும் இருந்ததாக 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. ஒரு மாதவிலக்கு வந்துபோனால் தேதி கணக்குக்கு வசதி, அவ்வளவுதான். முத்துக்கர்ப்பம் என்று திசுச் சோதனையில் வந்தால் மட்டும் கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி இறங்கும்வரை காத்திருப்பது கட்டாயம்.

ஒட்டல் வெட்டி எடுத்தவர் கர்ப்பமானால் முதல் விசிட்டிலேயே அந்த ஃபைலைக் காட்ட வேண்டும். நஞ்சு சுவரில் ஆழமாகப் பதியும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். 20 வார ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறது, சுவரோடு எல்லை தெளிவாக இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு முதல் கிளீன் செய்த இடத்தின் சம்மரியில் என்ன கருவி, எத்தனை மி.மீ. குழாய், கரண்டி விட்டார்களா, ஸ்கேன் பார்த்துச் செய்தார்களா, இழை வந்ததா என்ற ஐந்தும் எழுதியிருந்தால் மிக உதவியாக இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்று, மருந்துச் சீட்டு வாங்கும் கையோடு இதையும் எழுதி வாங்கிவிடுங்கள்.